பூ விலையும் பங்கு விலையும்

1. பூக்கடை

மைசூர் அரண்மனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அக்ரஹாரம் இருக்கிறது. பழைய பகுதி. ஓட்டு வீடுகளும் உண்டு. மாடி வீடுகளும் உண்டு. கன்னடமும் தமிழும் அங்கே கலந்து காதில் விழும்.

அங்கே ஒரு தெரு முனையில் ஓர் அம்மா பூ விற்கிறாள். எல்லோருக்கும் அவள் பூக்காரம்மா. விடியும் முன்பே தேவராஜா மார்க்கெட்டுக்குப் போவாள். மல்லிகை, கனகாம்பரம், சாமந்தி வாங்கி வருவாள். கட்டி, மாரு கணக்கிலும் முழக் கணக்கிலும் விற்பாள். கன்னட எழுத்தை முதியோர் வகுப்பில் கற்றாள். தமிழ் எழுத்தை மகளிடம் கற்றாள். வரவு செலவை அவளே நோட்டில் எழுதுவாள்.

அவளுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். மகள் நர்சிங் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் 45,000 ரூபாய். அதற்காக அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து வங்கியில் போட்டு வைத்திருந்தாள்.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் தேதி. செவ்வாய்க்கிழமை. அன்று இரவு மகன் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"என்னடா ஆச்சு?" என்று அம்மா கேட்டாள்.

வெகு நேரம் கழித்துச் சொன்னான். வண்டி வாங்கச் சேர்த்த 20,000 ரூபாயைப் பங்குச் சந்தையில் போட்டிருந்தான். வெள்ளிக்கிழமை போட்டான். திங்கட்கிழமை அது 33,000 ஆனது. செவ்வாய்க்கிழமை 1,800 ஆனது.

பிறகு அவன் இன்னொன்றும் சொன்னான். "அம்மா, தங்கச்சி பணத்தைக் கொடு. ஒரே வாரத்தில் விட்டதைப் பிடித்து விடுவேன். கட்டணம் கட்டக் கடைசித் தேதி ஜூலையில்தானே?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் மாலை மகனை அழைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். அங்கே வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் இருக்கிறார். தெருவில் அவருக்குப் பெயர் 'பேங்க் சார்'.

2. மூன்று நாள் கதை

பேங்க் சார் எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. ஒரு தாளை எடுத்தார். நான்கு வரிகள் எழுதினார்.

மே 31, வெள்ளி: 73,961
ஜூன் 3, திங்கள்: 76,469
ஜூன் 4, செவ்வாய்: 72,079
ஜூன் 5, புதன்: 74,382

"இது என்ன சார்?" என்றாள் அம்மா.

"இதற்குச் சென்செக்ஸ் என்று பெயர் அம்மா. மும்பைப் பங்குச் சந்தையில் 30 பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளை வைத்துக் கணக்கிடும் எண். அந்தப் பங்குகள் மொத்தத்தில் ஏறினால் எண் ஏறும். இறங்கினால் எண் இறங்கும். நிஃப்டி என்று இன்னொரு எண் உண்டு. அது 50 நிறுவனங்களை வைத்துக் கணக்கிடுவது. இவை ஒவ்வொரு நாளும் சந்தை முடியும்போது இருந்த அளவுகள்."

அம்மா தாளைப் பார்த்தாள். "திங்கள் ஏறியிருக்கிறது. செவ்வாய் ரொம்ப இறங்கியிருக்கிறது. இன்றைக்கு மறுபடி ஏறியிருக்கிறது" என்றாள்.

"ஆமாம். திங்கள் 2,507 புள்ளி ஏறியது. செவ்வாய் 4,390 புள்ளி இறங்கியது. அது நூற்றுக்கு ஏறக்குறைய 6. நடுவில் ஒரு கட்டத்தில் 6,000 புள்ளிக்கு மேல் கீழே போய்த் திரும்பியது. இப்படி விலை மேலும் கீழும் ஆடுவதைத்தான் விலை ஏற்ற இறக்கம் என்கிறோம்."

"மூன்று நாளில் அந்தக் கம்பெனிகளுக்கு என்ன ஆனது சார்? தீப்பிடித்து விட்டதா?"

பேங்க் சார் சிரித்தார். "நல்ல கேள்வி. ஒன்றும் ஆகவில்லை. ஆலைகள் ஓடின. வங்கிகள் திறந்திருந்தன. மாறியது மனிதர்களின் எதிர்பார்ப்பு."

ஜூன் 1-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்தது. அன்று மாலை கருத்துக் கணிப்புகள் வந்தன. ஆளும் கட்சி மிகப் பெரிய வெற்றி பெறும் என்று பல கணிப்புகள் கூறின. அதை நம்பித் திங்கட்கிழமை பலர் வாங்கினார்கள். விலை ஏறியது. செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கை. கணிப்புகள் சொன்ன அளவு இடங்கள் கிடைக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க ஓடினார்கள். விலை விழுந்தது. கூட்டணி ஆட்சி அமையும் என்று தெரிந்ததும் புதன்கிழமை கொஞ்சம் மீண்டது.

"பார்த்தாயா தம்பி? செய்தி நல்லதா கெட்டதா என்பது மட்டும் கணக்கு இல்லை. எதிர்பார்த்ததை விட நல்லதா, கெட்டதா என்பதே கணக்கு."

3. பூ ஏன் விலை ஏறுகிறது?

அம்மா சொன்னாள்: "இது எனக்குப் புரிகிறது சார். எங்கள் தொழிலிலும் இதுதான். வரமகாலட்சுமி நோன்புக்கு முந்தின நாள் பாருங்கள். மற்ற நாளில் 30 ரூபாய்க்கு வாங்கும் மல்லிகை 100, 120 என்று போகும். நோன்பு முடிந்த மறுநாள் கேட்க ஆள் இருக்காது."

"ஏன் அப்படி?"

"எல்லோருக்கும் அன்றைக்கே பூ வேண்டும். பூவோ அவ்வளவுதான் வரும். மழை பெய்து விட்டால் இன்னும் குறையும்."

"அதேதான் அம்மா. வாங்க வருபவர் அதிகம், சரக்கு குறைவு என்றால் விலை ஏறும். விற்க வருபவர் அதிகம், வாங்க ஆள் இல்லை என்றால் விலை விழும். பூவுக்கும் இதுதான். பங்குக்கும் இதுதான்."

பிறகு அவர் ஒரு வேறுபாட்டையும் சொன்னார். பூவை வாங்குபவர் தலையில் வைக்க வாங்குகிறார். சாமிக்குப் போட வாங்குகிறார். பங்கை வாங்குபவரில் பலர் நாளைக்கு வேறு ஒருவருக்கு அதிக விலைக்கு விற்கவே வாங்குகிறார்கள். அதனால் அடுத்தவர் என்ன நினைப்பார் என்பதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஓடினால் பத்துப் பேர் ஓடுவார்கள். பங்கு விலை சட்டென்று ஆடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னும் சில காரணங்கள் உண்டு:

வட்டி விகிதம் மாறினால் பங்கு விலை ஆடும்.
கச்சா எண்ணெய் விலை ஏறினால் ஆடும்.
போர், நோய், வறட்சி வந்தால் ஆடும்.
வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பெருந்தொகையை எடுத்துக்கொண்டு போனால் ஆடும்.
கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் பயந்து விற்றால் இன்னும் வேகமாக ஆடும்.

4. முன்பும் இப்படி நடந்தது

மறுநாள் மாலையும் இருவரும் வந்தார்கள். அன்று பேங்க் சார் பழைய கதைகளைச் சொன்னார்.

முதல் கதை 1992-ஆம் ஆண்டு நடந்தது. ஹர்ஷத் மேத்தா என்ற தரகர் வங்கிகளின் பணத்தை முறைகேடாகப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பங்கு விலைகள் வானத்துக்கு ஏறின. ஏப்ரல் தொடக்கத்தில் சென்செக்ஸ் 4,400-ஐத் தாண்டியது. ஊரெல்லாம் பங்குப் பேச்சாக இருந்தது. ஏப்ரல் மாதமே மோசடி வெளியே வந்தது. ஏப்ரல் 28-ஆம் தேதி ஒரே நாளில் 570 புள்ளி சரிந்தது. அது நூற்றுக்கு ஏறக்குறைய 13. உச்ச விலையில் வாங்கிய சிறு சேமிப்பாளர்கள் தவித்தார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்புக்குச் சட்ட அதிகாரம் கிடைத்ததும் அதே 1992-இல்தான்.

இரண்டாவது கதை 2008-ஆம் ஆண்டு நடந்தது. ஜனவரியில் சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது. அமெரிக்காவில் வீட்டுக் கடன்கள் வசூலாகவில்லை. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் திவாலானது. உலகம் முழுவதும் பயம் பரவியது. அக்டோபரில் சென்செக்ஸ் 8,000-க்கும் கீழே போனது. மறுபடியும் 21,000-ஐத் தொட 2010 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"காத்திருக்க முடிந்தவர்களுக்குப் பணம் திரும்பியது. கல்யாணத்துக்கும் கட்டணத்துக்கும் வைத்த பணத்தைப் போட்டவர்கள் எப்படிக் காத்திருப்பார்கள்? 8,000-இல் விற்றுத்தான் தீர வேண்டும்" என்றார் பேங்க் சார்.

மகன் தரையைப் பார்த்தான்.

மூன்றாவது கதை 2020 மார்ச். கொரோனா நோய் பரவிய காலம். மார்ச் 13-ஆம் தேதி சந்தை திறந்த சில நிமிடங்களில் நூற்றுக்கு 10 விழுந்தது. வியாபாரம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மறுபடி திறந்ததும் ஏறத் தொடங்கியது. அன்று மாலை சென்செக்ஸ் முந்தின நாளை விட 1,325 புள்ளி மேலே முடிந்தது.

"அப்படியானால் விழும்போது வாங்கினால் லாபம்தானே சார்?" என்று மகன் ஆவலாகக் கேட்டான்.

"பொறு. பத்து நாள் கழித்து, மார்ச் 23-ஆம் தேதி, மறுபடி அதே போல் விழுந்தது. மறுபடி 45 நிமிடம் நிறுத்தினார்கள். 13-ஆம் தேதி நடந்தது போலவே மீளும் என்று சிலர் வாங்கினார்கள். அன்று மீளவில்லை. இன்னும் விழுந்தது. சென்செக்ஸ் 3,935 புள்ளி இறங்கி, 26,000-க்கும் கீழே முடிந்தது. நூற்றுக்கு 13. தொடக்கம் ஒன்றுதான். முடிவு வேறு. முன்கூட்டி யாருக்குத் தெரியும்?"

அம்மா அந்த மார்ச் மாதத்தை மறக்கவில்லை. ஊரடங்கில் கோவில்கள் மூடின. கல்யாணங்கள் நின்றன. பூ இருந்தது. வாங்க ஆள் இல்லை. விவசாயிகள் பூவைச் செடியிலேயே விட்டார்கள். "அப்போது பூவுக்கு விலையே இல்லை சார்" என்றாள்.

5. ஆட்டத்தை அளப்பது எப்படி?

ஏற்ற இறக்கத்தை அளக்கலாம். முதல் அளவு நூற்று வீதம். 10 ரூபாய் இறங்கியது என்று மட்டும் சொன்னால் போதாது. 1,000 ரூபாய்ப் பங்கில் 10 ரூபாய் இறங்கினால் நூற்றுக்கு 1. 50 ரூபாய்ப் பங்கில் 10 ரூபாய் இறங்கினால் நூற்றுக்கு 20.

ஒரு பங்கு ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு எவ்வளவு ஆடுகிறது என்று ஒரு மாதம் எழுதி வந்தால் அதன் குணம் தெரியும். சில பங்குகள் மாட்டு வண்டி போல மெல்லப் போகும். சில பங்குகள் கட்டை அவிழ்ந்த கன்று போலத் துள்ளும்.

சந்தை முழுவதற்கும் ஓர் அளவு உண்டு. அதற்கு 'இந்தியா விக்ஸ்' என்று பெயர். தேசியப் பங்குச் சந்தை 2008 முதல் அதை வெளியிடுகிறது. அடுத்த 30 நாளில் சந்தை எவ்வளவு ஆடும் என்று வியாபாரிகள் எதிர்பார்க்கிறார்கள் என்பதை அது காட்டும். ஏறுமா இறங்குமா என்று அது சொல்லாது. ஆட்டம் பெரிதா சிறிதா என்று மட்டுமே சொல்லும். அமைதியான காலத்தில் அது 15-ஐ ஒட்டி அல்லது அதற்குக் கீழே இருக்கும். 2020 மார்ச்சில் 80-ஐத் தாண்டியது. மகன் பணம் போட்ட அந்த வாரத்தில் 25-ஐத் தாண்டியது.

"காற்று பலமாக இருக்கும்போது கடலில் படகு இறக்கினாய் தம்பி. நீந்தத் தெரியாமல் இறக்கினாய்" என்றார் பேங்க் சார்.

6. ஏறுவதும் இறங்குவதும் சமம் அல்ல

பேங்க் சார் அடுத்த கணக்கைப் போட்டார்.

உன்னிடம் 100 ரூபாய் இருக்கிறது. நூற்றுக்கு 50 இறங்கியது. மிச்சம் 50 ரூபாய். மறுபடியும் 100 ஆக வேண்டும். நூற்றுக்கு எவ்வளவு ஏற வேண்டும்?

"ஐம்பது" என்றான் மகன்.

அம்மா விரல் விட்டு எண்ணினாள். "இல்லைடா. கையில் இருப்பது 50. அது 100 ஆக இரட்டிப்பாக வேண்டும். நூற்றுக்கு நூறு."

"சரியாகச் சொன்னீர்கள் அம்மா. நூற்றுக்கு 20 இறங்கினால், மீள 25 ஏற வேண்டும். நூற்றுக்கு 50 இறங்கினால் 100 ஏற வேண்டும். நூற்றுக்கு 90 இறங்கினால் 900 ஏற வேண்டும். இப்போது உன் கணக்கைப் பார் தம்பி. 1,800 ரூபாய் 20,000 ஆக வேண்டுமானால் பதினொரு மடங்கு ஆக வேண்டும். விட்டதைப் பிடிப்பது என்பது இவ்வளவு கடினம். அதனால்தான் நட்டத்தைச் சிறியதாக வைத்துக்கொள்வது முதல் பாடம்."

7. வாடும் சரக்கு

"சென்செக்ஸ் செவ்வாய்க்கிழமை நூற்றுக்கு 6-தானே இறங்கியது? இவன் பணம் மட்டும் எப்படி முக்கால்வாசிக்கு மேல் போயிற்று?" என்று அம்மா கேட்டாள்.

பேங்க் சார் மகனைப் பார்த்தார். "நீ பங்கு வாங்கவில்லை. ஆப்ஷன் வாங்கினாய். சரியா?"

மகன் தலையாட்டினான்.

ஆப்ஷன் என்பது ஓர் உரிமைச் சீட்டு. 'இந்தத் தேதிக்குள் நிஃப்டி இந்த அளவுக்கு மேல் போகும்' என்று நினைப்பவர் அந்தச் சீட்டை வாங்குகிறார். போனால் சீட்டுக்கு மதிப்பு. போகாவிட்டால் கெடு நாளில் சீட்டு வெறும் காகிதம். மகன் வாங்கிய சீட்டுக்குக் கெடு அந்த வார வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை நிஃப்டி வெகுவாக விழுந்தது. இரண்டு நாளில் அது மீள்வது கடினம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சீட்டின் விலை கரைந்து போயிற்று.

அம்மா சட்டென்று சொன்னாள்: "இது கட்டிய பூ மாதிரி. சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் வாடிவிடும். பங்கு தேங்காய் மாதிரி. இன்றைக்கு விலை இல்லாவிட்டால் நாலு நாள் வைத்திருக்கலாம்."

"இதை விட நன்றாக யாரும் சொல்ல முடியாது" என்றார் பேங்க் சார். "தேங்காயும் சில சமயம் அழுகும். நிறுவனமே மூழ்கிப் போனால் பங்கும் போகும். அதையும் நினைவில் வைக்க வேண்டும்."

ஆப்ஷனை வாங்குபவருக்குப் போட்ட பணம் மட்டுமே போகும். ஆப்ஷனை விற்பவருக்கு அதற்கு மேலும் நட்டம் வரலாம். எல்லை இல்லை.

ஃப்யூச்சர் என்ற வியாபாரமும் உண்டு. அதில் முழுப் பணம் கட்ட வேண்டாம். முன்பணம் கட்டினால் போதும். அங்கேதான் ஆபத்து. ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் 20,000 ரூபாய் முன்பணம் கட்டி 1,00,000 ரூபாய்ச் சரக்கைப் பிடிக்கிறார். விலை நூற்றுக்கு 5 இறங்குகிறது. நட்டம் 5,000 ரூபாய். சரக்கில் அது நூற்றுக்கு 5. அவர் கைப்பணத்தில் அது நூற்றுக்கு 25. விலை நூற்றுக்கு 20 இறங்கினால் கைப்பணம் முழுவதும் போய்விடும். அதற்கும் மேல் இறங்கினால் கடன்காரர் ஆவார்.

8. காவல்கள்

ஏற்ற இறக்கத்தை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் சில காவல்கள் உண்டு.

சந்தைக்கே ஒரு காவல் உண்டு. சென்செக்ஸ் அல்லது நிஃப்டி ஒரே நாளில் நூற்றுக்கு 10, 15, 20 என்ற அளவுகளைத் தொட்டால் நாடு முழுவதும் வியாபாரம் நிறுத்தப்படும். 10-க்கும் 15-க்கும் நேரத்தைப் பொறுத்து நிறுத்தம் இருக்கும். 20 ஆனால் அன்றைய வியாபாரம் முடிந்தது. இந்த முறை 2001-இல் வந்தது. மக்கள் மூச்சு விட்டு யோசிக்க அவகாசம் கொடுப்பதே இதன் நோக்கம்.

வியாபாரிக்கும் ஒரு காவல் உண்டு. அது 'ஸ்டாப் லாஸ்'. 'இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு' என்று முன்பே சொல்லி வைப்பது. 100 ரூபாய்க்கு வாங்கியவர் 95-இல் விற்கச் சொல்லி வைக்கலாம். ஆனால் இதுவும் முழுக் காவல் அல்ல. மாலையில் 98-இல் முடிந்த பங்கு, இரவில் வந்த கெட்ட செய்தியால் காலையில் 88-இல் திறக்கலாம். 95-இல் வாங்க ஆளே இருக்க மாட்டார்கள்.

ஏமாற்றுக்காரர்களிடமும் காவல் வேண்டும். 'தினமும் நிச்சய லாபம்' என்று செல்போனில் செய்தி வரும். குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். போலிச் செயலியில் லாபம் காட்டுவார்கள். பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆடும் சந்தையில் நிச்சய லாபம் கிடையாது. யோசனை சொல்பவர் செபியில் பதிவு செய்தவரா என்று செபியின் இணையதளத்தில் பார்க்கலாம். பணம் ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

9. பூக்காரம்மாவின் விதி

பேங்க் சார் அம்மாவிடம் கேட்டார்: "நோன்புக்கு முந்தின நாள் விலை ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். கடன் வாங்கி நாலு கூடை பூ வாங்கலாமே? ஏன் வாங்குவதில்லை?"

"ஒரு வருடம் வாங்கினேன் சார். இவன் அப்பா இருந்தபோது. அன்றைக்குச் சாயங்காலம் கொட்டித் தீர்த்தது மழை. தெருவில் ஒரு ஆள் இல்லை. பாதிப் பூ குப்பைக்குப் போயிற்று. கடன் அடைக்க நாலு மாதம் ஆயிற்று. அன்றைக்கு ஒரு விதி வைத்தேன். இன்றைய சரக்கு முழுவதும் வாடினாலும், நாளைக்குச் சரக்கு வாங்கக் காசு இருக்க வேண்டும். அந்த அளவுக்குத்தான் வாங்குவேன்."

அந்த ஒரு விதி போதும். பெரிய வியாபாரிகளும் இதையே செய்கிறார்கள். ஒரே வியாபாரத்தில் முதலின் சிறு பங்கை மட்டுமே போடுகிறார்கள். ஒன்று தோற்றாலும் மறுநாள் கடை திறக்கலாம்.

அம்மா எழுந்தாள். மகனிடம் சொன்னாள்: "நீ கேட்டதற்குப் பதில் இதுதான்டா. உன் காசு போனதற்கு நான் உன்னைத் திட்டவில்லை. ஆனால் உன் தங்கச்சியின் பணம் நாளைய சரக்குக் காசு. அதைத் தொட மாட்டேன்."

மகனுக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் வீட்டில் பேசவில்லை. மூன்றாம் நாள் பேங்க் சாரிடம் தனியாகப் போனான். "சார், நான் மறுபடி எப்போதும் வியாபாரம் செய்யவே கூடாதா?" என்று கேட்டான்.

அவர் ஒரு நோட்டைக் கொடுத்தார். "மூன்று மாதம் இதில் வியாபாரம் செய். பணம் போடாதே. என்ன வாங்குவாய், எந்த விலைக்கு, ஏன் என்று எழுது. விற்றதையும் எழுது. ஒவ்வொன்றுக்கும் தரகு, வரி என்று 60 ரூபாய் கழி. பிறகு பேசுவோம்."

10. நோட்டு சொன்னது

ஜூலையில் மகளின் கட்டணம் கட்டியாயிற்று. ஆகஸ்ட் 16-ஆம் தேதி வரமகாலட்சுமி நோன்பு வந்தது. அம்மா தன் விதிப்படி பூ வாங்கினாள். எல்லாம் விற்றது. இன்னும் ஒரு கூடை இருந்திருந்தால் அதுவும் விற்றிருக்கும். அதற்காக அவள் வருந்தவில்லை.

செப்டம்பர் கடைசியில் மகன் நோட்டைக் கூட்டினான். 40 வியாபாரம். 22-இல் லாபம். 18-இல் நட்டம். அவன் மகிழ்ந்தான். பாதிக்கு மேல் ஜெயித்திருந்தான். பிறகு தொகையைக் கூட்டினான்.

22 லாபம், சராசரி 300 ரூபாய்: 6,600
18 நட்டம், சராசரி 500 ரூபாய்: 9,000
40 வியாபாரத்துக்குச் செலவு, 60 ரூபாய் வீதம்: 2,400
மொத்த நட்டம்: 4,800

லாபம் வந்தபோது பயந்து சீக்கிரம் விற்றிருந்தான். நட்டம் வந்தபோது மீளும் என்று காத்திருந்தான். நோட்டு அதைக் காட்டிக் கொடுத்தது.

அந்த வாரம் செய்தித்தாளில் செபியின் ஆய்வு வந்திருந்தது. மகன் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனி நபர்கள் ஃப்யூச்சர், ஆப்ஷன் வியாபாரம் செய்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டம் அடைந்தார்கள். ஆளுக்குச் சராசரி நட்டம் சுமார் 2 லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டு தொடர்ந்து நட்டம் அடைந்தவர்களிலும் முக்கால்வாசிப் பேருக்கு மேல் விடவில்லை. தொடர்ந்து செய்தார்கள்.

"விட்டதைப் பிடிக்க" என்றாள் அம்மா.

"ஆமாம்" என்றான் மகன்.

அவன் நோட்டைத் தூக்கிப் போடவில்லை. அதிலேயே புதிய பக்கம் திருப்பினான். மாதச் சம்பளத்தில் முதலில் வண்டிக்கு 2,000 ரூபாய் என்று எழுதினான். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்ந்த பிறகே பங்கு வாங்குவது, அதுவும் கடன் இல்லாமல், கெடு இல்லாமல் என்று எழுதினான்.

அக்டோபரில் தசரா வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாமந்தி விலை ஏறியது. விடியும் முன்பே மகனும் அம்மாவுடன் மார்க்கெட்டுக்குப் போனான். கூடையைத் தூக்கும் முன் அவனே கேட்டான்:

"அம்மா, இன்றைக்கு இது முழுவதும் வாடினால் நாளைக்குக் காசு இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றாள் அம்மா. "தூக்கு."

புதிய சொற்கள்

பங்கு: ஒரு நிறுவனத்தின் உரிமையில் ஒரு சிறு பகுதி.
ஏற்ற இறக்கம்: விலை மேலும் கீழும் ஆடுவது.
சென்செக்ஸ், நிஃப்டி: பல பங்குகளின் விலைப் போக்கைக் காட்டும் எண்கள்.
ஆப்ஷன்: கெடு நாள் உள்ள உரிமைச் சீட்டு.
முன்பணம்: முழு விலைக்குப் பதிலாகக் கட்டும் ஒரு பகுதி.
செபி: பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு.

விடை சொல்லுங்கள்

1. 2024 ஜூன் 4-ஆம் தேதி பங்கு விலைகள் ஏன் விழுந்தன?
2. 2020 மார்ச் 13-க்கும் மார்ச் 23-க்கும் என்ன வேறுபாடு?
3. ஆப்ஷனைப் பூவுக்கும் பங்கைத் தேங்காய்க்கும் அம்மா ஏன் ஒப்பிட்டாள்?
4. மகன் 40-இல் 22 முறை ஜெயித்தும் ஏன் நட்டம் வந்தது?

கணக்குப் போடுங்கள்

1. 200 ரூபாய்ப் பங்கு 150 ரூபாய் ஆனது. நூற்றுக்கு எவ்வளவு இறங்கியது?
2. அதே பங்கு மறுபடி 200 ரூபாய் ஆக நூற்றுக்கு எவ்வளவு ஏற வேண்டும்?
3. 10,000 ரூபாய் முன்பணத்தில் 50,000 ரூபாய்ச் சரக்கு பிடித்தவருக்கு விலை நூற்றுக்கு 8 இறங்கினால் மிச்சம் எவ்வளவு?

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரில் எந்தப் பொருளின் விலை அதிகம் ஆடுகிறது? தக்காளியா, வெங்காயமா, பூவா, தங்கமா? ஏன் ஆடுகிறது? அதை வாங்கி விற்பவர்கள் நட்டத்திலிருந்து தப்ப என்ன விதி வைத்திருக்கிறார்கள்? அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.